பத்துக்கரத்தான் தேவையில்லையாம்

கோஉரா துறைமுகம்,
மழை பிடித்த முதல் வாரம்.

தோக்கியோவில் பேனா பிடித்துப் பிழைக்கும் என் அக்கா மகள் மினோரிக்கு, தூண்டில் இரைக் கடை தொகுஸோ மாமா எழுதுவது. இங்கே மழை தொடங்கிவிட்டது. கோயில் படிக்கட்டில் நீலப் பூக்கள் குண்டு குண்டாகப் பூத்திருக்கின்றன. துவைத்த துணி எதுவும் காய்வதில்லை. பருவத்தைப் பற்றி நாலு வரி எழுதாமல் கடிதத்தை ஆரம்பித்தால் உன் அம்மா என்னை வளர்ப்பு சரியில்லாதவன் என்பாள். என்னை வளர்த்ததே அவள்தான் என்பது அவளுக்கு நினைவிருப்பதில்லை. ஆகவே பருவம் முடிந்தது. உன் உடம்பும் உன் பத்திரிகை ஆசிரியர் உடம்பும் நன்றாக இருக்கட்டும். இனி விஷயம்.

உன் பத்திரிகை ஊருக்கு வந்து சேர்ந்தது. முடிதிருத்தும் ஹோசாகா வாங்கி வந்திருந்தான். நான் முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். பின்னால் பெஞ்சில் மீனவர் சங்கத்து ஆட்கள் காத்திருந்தார்கள்.

"தொகு அண்ணே, உங்க அக்கா பொண்ணு நம்ம மூணு ஊர் படத்தப் பத்தி எழுதியிருக்கு. படிக்கட்டுமா?"

"படி. சத்தமாவே படி. பின்னாடி இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள முடியாமல் தவிக்கிறேன்.

'நாயகர் கூட்டணிப் படங்கள்: பலமும் பலவீனமும்' என்று தலைப்பு. முன்பாதி முழுக்க வெளிநாட்டுப் படங்கள். அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, நீ படித்த பெண். கடைசிப் பத்தியில் 'மூன்றூர்க் காவலர்' படத்துக்கு வந்தாய். வந்தவள் இப்படி எழுதியிருக்கிறாய்: 'பத்துக்கரத்தானைப் படத்திலிருந்து எடுத்துவிட்டாலும் பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.'

ஹோசாகாவின் கத்தி என் தாடையில் நின்றுவிட்டது.

"அச்சுப் பிழையா இருக்கும் அண்ணே" என்றான்.

பெஞ்சிலிருந்து ஒரு குரல், "கணவாய் மீனுக்குப் பத்து கை இருந்து என்ன பிரயோசனம், ஒரு பிடி கிடைக்கலியே" என்றது. யார் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு இனி என் கடையில் உயிருள்ள புழு கிடையாது.

மினோரி, நீ அங்கே மின்ரயிலில் போய் வருகிறவள், இங்கே நடப்பது உனக்கு முழுதாகத் தெரியாது. கோஉரா, நாஷிதானி, யுநோசே மூன்றும் சேர்ந்து ஒரே நகரம் ஆகப்போகிறது. ஊர்ச் சின்னமாக வேஷம் கட்டிய நாயகன் ஊருக்கொருவன் இருக்கிறான். துறைமுகத்துக்குக் கணவாய் உடுப்புக்குள் நான் இருக்கும் நம் பத்துக்கரத்தான், பள்ளத்தாக்குக்குப் பேரிக்காய் வேந்தன், மலையில் வெந்நீர் ஊற்றுக்காரர்களுக்கு வெந்நீர் மின்னல். புது நகரத்துக்கு ஒருவன் போதுமாம். தீயணைப்புப் பயிற்சியில் கையாட்டவும், வரி கட்டச் சொல்லும் சுவரொட்டியில் கைகூப்பவும், மூன்று தலையை வைத்துக்கொண்டு திண்டாட முடியாதாம். வருகிற வெள்ளிக்கிழமை இணைப்புக் குழு கூடி யார் தங்குவது என்று முடிவு செய்யும். ஒவ்வொருவர் முன்னாலும் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் உன் கட்டுரையின் நகல் இருக்கப் போகிறது. பத்துக்கரத்தான் போய்விட்டால் நான் யார் என்று கொஞ்சம் யோசி. இரைப்புழு விற்கிறவன். இரைப்புழு விற்கிறவனைப் பார்த்து எந்தப் பிள்ளையும் கையாட்டுவதில்லை.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று உன் ஆசிரியர் கேட்டால் சொல், உன் மாமா வாலிபத்தில் கியோத்தோவில் வாள்சண்டைப் படங்களில் செத்துச் செத்துப் பெயர் எடுத்தவர். ஒரு படத்தில் நான் பாலத்திலிருந்து விழுந்து செத்த நேர்த்தியைப் பார்த்துக் கதாநாயகன் வாளை உறையில் போட மறந்து நின்றான். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆற்றில் மீன்கூட நகரவில்லை. உன் அம்மா, "நீ அங்க செருப்பு அடுக்குற வேலைதான பாத்த" என்பாள். அடுக்கினேன்தான். அடுக்குகிறவன் கண்ணை மூடிக்கொண்டா அடுக்குவான்?

கூட்டணிப் படத்தின் பலம் என்று நீ எழுதியிருப்பதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். தனித்தனியாகப் பார்த்துச் சலித்த முகங்கள் ஒரே சட்டத்துக்குள் வந்து நின்றால் வயிற்றில் ஒரு குறுகுறுப்பு வரும் என்கிறாய். சரிதான். புத்தாண்டுப் பலகாரப் பெட்டியைத் திறப்பது மாதிரி. கறுப்பு பீன்ஸைத் தனியாக யாரும் தேடித் தின்பதில்லை. பெட்டிக்குள் இறாலுக்குப் பக்கத்தில் இருந்தால் அதற்கே ஒரு அந்தஸ்து வந்துவிடுகிறது. பலவீனத்திலும் பாதி ஒத்துப்போகிறேன். வெளிநாட்டுப் படத்தில் பறக்கிறவனும் பறக்கத் தெரியாதவனும் ஒரே அணியில் இருக்கிறார்கள். சண்டை நடக்கும் இடத்துக்குப் பறக்கத் தெரியாதவன் எப்படி வந்து சேர்ந்தான் என்று ஒரு படத்திலும் காட்டுவதில்லை. எங்கள் படத்தில் காட்டினோம். வெந்நீர் மின்னல் பேருந்தில் வந்தான். அதையும் நீ 'வேகம் குறைகிறது' என்று எழுதிவிட்டாய். மலைப் பாதையில் பேருந்து அவ்வளவு வேகம்தான் போகும்.

பெயர் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் படம் போய்விடுகிறது, வில்லன் கைகட்டிக் காத்திருக்கிறான் என்று ஒரு குறை. நாயகன் கால் அகட்டி நின்று தன் ஊரையும் பெயரையும் சொல்லி முடிக்கும்வரை தாக்காமல் இருப்பது வளர்ப்பு. அது கிடக்கட்டும். நடந்ததைக் கேள். மூன்று ஊர் அலுவலகமும் படப்பிடிப்புக்கு ஆளுக்கொரு அதிகாரியை அனுப்பியிருந்தது. மூவர் கழுத்திலும் ஓட்டப்பந்தயக் கடிகாரம். ஒரு நாயகன் இன்னொருவனைவிட ஒரு நொடி அதிகமாகப் பேசிவிடக் கூடாது. பேரிக்காய் வேந்தனின் வசனத்தை எழுதியவர் தோட்டக்காரர் சங்கத் தலைவர். பள்ளத்தாக்கில் விளையும் அத்தனை பேரிக்காய் ரகத்தையும் உள்ளே நுழைத்துவிட்டார். என் வசனமோ 'அலை பிளந்து வந்தேன், பத்துக்கரத்தான்' என்பதுதான். முடிந்துவிட்டது. எங்கள் ஊர் அதிகாரி வெளிறிப்போய், "அண்ணே, பத்தல. இழுங்க, இழுங்க" என்று கைகாட்டுகிறான். என்ன செய்வேன்? ஒவ்வொரு கரமாக உயர்த்திக் காட்டினேன். என் சொந்தக் கை இரண்டு போக மற்றதெல்லாம் துணி திணித்துத் தூண்டில் நரம்பில் கட்டியது. ஒன்றைத் தூக்கினால் எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று தானாகத் தூக்கும். பக்கத்தில் நின்றது பேரிக்காய் வேந்தன். உள்ளே இருப்பது ஆண்பிள்ளை என்று எழுதிவிட்டாய். அது பழத்தோட்டக்காரி மிசாவோ, வாயைத் திறந்தால் காக்கை பறக்கும்.

"யோவ் கணவாய், உன் கை என் மூஞ்சில இடிக்குது."

"எந்தக் கை?"

"எனக்கென்னய்யா தெரியும், கடையே வெச்சிருக்க."

அதற்குள், பெயர் சொல்லி முடித்ததும் நாயகன் பின்னால் எழ வேண்டிய வண்ணப் புகையைப் போட்டுவிட்டார்கள். கடற்காற்று திரும்பிவிட்டது. என்னுடைய நீலப் புகை முழுவதும் மகளிர் சங்கம் காயவைத்திருந்த கணவாய்க் கொடிகளின் மேல் போய் உட்கார்ந்தது. அவை நீலமாகவே காய்ந்தன. ஒசாகாவிலிருந்து வந்த பயணிகள் அபூர்வ ஜாதி என்று அள்ளிக்கொண்டு போனார்கள். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்வதாக நினைத்தால் மகளிர் சங்கத்துக்குத் தொலைபேசி போட்டுக் கேள். என் பெயரைச் சொல்லிக் கேட்காதே.

நடுவில் நிற்கும் நாயகன் ஷாட்டுக்கு ஷாட் மாறுகிறான், அவர்கள் நிமிஷத்துக்கொரு தரம் இடம்பெயரும் சக்தி பெற்றவர்களா என்று கேட்டிருந்தாய். நடு இடம் யாருக்கு என்பதுதான் கேள்வி. மூன்று அதிகாரிகளும் ஒருவரை ஒருவர் வணங்கி, "உங்க ஊர்க்காரரே நடுவுல நிக்கட்டும்" என்றார்கள். "ஐயோ, உங்களுக்கு முன்னாடி நாங்களா" என்றார்கள். ஒருவராவது மனசாரச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கல்யாண வீடியோ எடுக்கும் ஓகிமுராப் பையன்தான் இயக்குநர். பாவம், மழைக் கோட்டோடு குந்தி உட்கார்ந்துவிட்டான். "அப்ப ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒருத்தர் நடுவுல" என்று கடைசியில் சொன்னான். கல்யாணத்தில் இரண்டு சம்பந்தி வீட்டாரையும் சமாளித்தவன் அல்லவா.

சேர்வதற்கு முன்னால் நாயகர்கள் காரணமில்லாமல் ஒருவரோடொருவர் மோதிக்கொள்வது இந்த வகைப் படங்களின் நோய் என்கிறாய். எங்கள் படத்தில் அந்த மோதல் பலகாரப் பெட்டியையும் கணவாயையும் கைமாற்றிக்கொள்வதில் முடிவது 'விளங்காத திருப்பம்' என்கிறாய். விளங்காமல் என்ன? யார் தோற்றாலும் அந்த ஊர் படத்திலிருந்து விலகிவிடும். சண்டை சமமாகவே நடக்க வேண்டும். சமமாகவே எத்தனை நேரம் அடிப்பது? நான் தள்ளுகிறேன், கஜிதானி தள்ளுகிறார். கஜிதானி என்றால் யுநோசே பொதுக் குளியலறை முதலாளி, வெந்நீர் மின்னலுக்குள் இருப்பவர். மூச்சு வாங்கியது. முதல் தடவை சந்திக்கிறவர்கள் வெறுங்கையோடு வந்தோம் என்று இருக்கக் கூடாது என்பதற்காக அவர் கச்சைக்குள் ஒரு பெட்டி இனிப்பு கொண்டுவந்திருந்தார். அது அடி நடுவில் கீழே விழுந்தது.

"அடடா, உங்களுக்குத்தான் கொண்டாந்தேன். பெருசா ஒண்ணும் இல்ல" என்றார் முகமூடிக்குள்ளிருந்து.

ஒருவர் அப்படிச் சொன்ன பிறகு எப்படி அடிப்பது? நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். எனக்கும் கொடுக்க ஏதாவது வேண்டும். கொடியிலிருந்து ஒரு நீலக் கணவாயை எடுத்துக் கொடுத்தேன்.

கடைசி அடிக்கு வருகிறேன். மூவரும் பாயும்போது யாரும் தொடுவதற்கு முன்பே வில்லன் தானாக விழுந்துவிடுகிறான், இதைவிட வலுவற்ற முடிவை நான் கண்டதில்லை என்று எழுதியிருக்கிறாய். முதலில் தொடுபவன் ஊர்தான் பெரிய ஊர் என்று ஆகிவிடும், தெரியுமா? மூன்று அதிகாரிகளும் சேற்றில் மண்டியிட்டு யார் கை முதலில் படுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பாய்ந்து போய் நின்றோம்.

"நீங்க முதல்ல" என்றேன் கஜிதானியிடம்.

"வயசுல மூத்தவங்க இருக்கும்போது நான் எப்படி? மிசாவோ அம்மா தொடட்டும்."

"யாருய்யா மூத்தவ? கணவாய்க்கு முடி கொட்டி எத்தன வருஷமாச்சு, அவரத் தொடச் சொல்லு."

இந்த மரியாதை நடக்கும்வரை வில்லன் இரு கையையும் தூக்கியபடி நிற்கிறான். மழை. உடுப்பு முழுதும் பஞ்சு. பஞ்சு தண்ணீர் குடிக்கக் குடிக்கக் கனத்தது. அவன் ஒரு பெருமூச்சு விட்டு மெதுவாக அப்படியே சரிந்தான். ஓகிமுராப் பையன், "போதும், இதுவே போதும்" என்று அழுதுவிட்டான்.

இனி நீ புகழ்ந்தவற்றுக்கு வருகிறேன். அலைதடுப்புச் சுவரின் மேல் மூன்று நாயகர்களும் கேமராவுக்கு முதுகு காட்டி, தலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கடலைப் பார்த்தபடி அரிசி உருண்டை தின்னும் காட்சி. 'அவர்கள் ஓர் அணியாக இருப்பது இந்த ஒரு கணத்தில்தான், எவ்வளவு பெரிய படமும் இதற்குத்தான் ஏங்குகிறது' என்று எழுதியிருந்தாய். ஹோசாகா அதை இரண்டு தரம் படித்தான். அது நடிப்பு அல்ல, மதிய சாப்பாடு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் முன்னால் நாயகன் தலையைக் கழற்றலாமா? அதனால் திரும்பி உட்கார்ந்தோம். கேமராவை நிறுத்த மறந்துவிட்டார்கள். மிசாவோ எனக்கு ஊறுகாய் வைத்த உருண்டையைத் தந்தாள். "நம்மள்ல ஒருத்தர்தான் மிஞ்சுவோம்னு சொல்றாங்க" என்றாள். கஜிதானி, "சாப்பிடுங்க, ஆறிடும்" என்றார். அரிசி உருண்டை எப்போது சூடாக இருந்தது ஆறுவதற்கு? ஆனாலும் சாப்பிட்டோம்.

பிறகு வில்லன். 'கூட்டணிப் படங்களில் எப்போதும் சோடை போவது வில்லன். இங்கேயோ பூஞ்சைப் பெருமான் நடந்து வரும்போது, அழைக்காத வீட்டுக்கு வருகிறவனின் கூச்சம் அந்த நடையில் தெரிகிறது. படத்தில் அவன் ஒருவனே மனிதன்.' அப்படித்தானே எழுதினாய்? முகமூடிக்குள் இருப்பவர் பெயரை நாங்கள் எங்கும் போடுவதில்லை, அதனால் உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இப்போது சொல்கிறேன், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படி. அது உன் அப்பா.

எந்த ஊரும் வில்லனைத் தர ஒப்பவில்லை. கெட்டவன் எங்கள் ஊரிலிருந்து வந்தான் என்று யார் சொல்லிக்கொள்வார்கள்? அதனால் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத, மழைக்காலத்தில் எல்லா ஊர்ச் சுவரிலும் படியும் பூஞ்சையை வில்லனாக்கினோம். ஆள் வேண்டும் என்றபோது ஊர் அலுவலகத்தில் குடும்பப் பதிவேட்டு மேஜையில் இருக்கும் யசுமாசா அத்தானைப் பிடித்தார்கள். அவருக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. அக்கா பழைய மெத்தைப் பஞ்சைப் பிரித்து உடுப்பு தைத்தாள். கண்ணுக்கு ஓட்டை வைக்க மறந்துவிட்டாள். அவர் வழி தெரியாமல் காலால் தரையைத் தடவித் தடவி நடந்தார். நீ கூச்சம் என்கிறாய். நான் பத்திரிகையோடு உங்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா உரக்கப் படித்தாள். அத்தானுக்குக் காது சிவந்து, சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

"அந்த எடத்த மட்டும் கத்தரிச்சு சட்டப் பையில வெச்சிருக்காரு. கேட்டா இல்லேம்பாரு" என்றாள் அக்கா. "ஏன் தொகு, உன் மொகம் ஏன் இப்படி இருக்கு? உனக்கு எதுவும் நல்லதா எழுதலியா?"

"எனக்கென்ன, எனக்குத் தனியா கடிதம் போட்டிருக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆகவே நீ எனக்குத் தனியாக ஒரு கடிதமும் போட வேண்டும்.

உன் அப்பாவைப் புகழ்ந்ததில் எனக்குப் பொறாமை என்று நினைக்காதே. பொறாமை இருக்கிறது, ஆனால் கடிதம் அதற்காக அல்ல. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடு. நீ சிரமப்பட வேண்டாம், நானே எழுதித் தருகிறேன்: 'பத்துக்கரத்தானை எடுத்துவிட்டால் இந்தப் படத்தில் கடலே இருக்காது. அவர் ஒவ்வொரு கரத்தை உயர்த்தும்போதும் திரையரங்கில் மூச்சு நின்றது. இது பார்வையாளர் பலர் நேரில் சொன்னது.' பலர் என்று நான் சொல்வது என்னையும் ஹோசாகாவையும். ஹோசாகா இன்னும் சொல்லவில்லை, சொல்ல வைக்கிறேன். இதழ் வர நாளாகும் என்றால் குழுவுக்கு ஒரு தந்தியாவது அடித்துவிடு.

குளிர்ந்த பானம் அதிகம் குடிக்காதே, மழையில் செருப்பை உள்ளே எடுத்து வை. உன் பேனா நீடூழி வாழட்டும், என் விஷயத்தில் கொஞ்சம் தாழ்ந்து எழுதட்டும். உன் ஆசிரியருக்கு என் வணக்கங்களும், தனியாக அனுப்பும் காய்ந்த கணவாய்க் கட்டும். நீலமாக இருந்தால் பயப்பட வேண்டாம் என்று சொல்.

என்றும் உன் நலம் நாடும்,
தொகுஸோ மாமா

பி.கு.: தபால் தலை ஒட்டுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. குழு கூடியது. கணவாயைத் தேர்ந்தால் பள்ளத்தாக்கு முறைக்கும், பேரிக்காயைத் தேர்ந்தால் மலை முறைக்கும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். தேநீர் ஆறி, மறுபடி ஊற்றி, அதுவும் ஆறியதாம். கடைசியில் யுநோசேயில் சாராயம் வடிப்பவர், "பூஞ்சை இல்லாத ஊர் எது? நம்ம மிசோ விழுது, சோயா, சாராயம் எல்லாம் புளிக்கறதே பூஞ்சை போட்ட பிச்சதான" என்று மெதுவாகச் சொன்னாராம். மூன்று ஊர்க்காரர்களும் ஒரே நேரத்தில் தலையசைத்தது சரித்திரத்தில் இதுதான் முதல் தடவை. புது நகரத்தின் நாயகன் பூஞ்சைப் பெருமான். உன் கட்டுரையையும் பெருமையாகக் கோப்பில் சேர்த்துவிட்டார்கள்.

அத்தானிடம் போய் மாலை போடாத குறையாகக் கேட்டார்கள். அவர், "எனக்கு முட்டி தாங்காது. தொகுஸோ போட்டுக்கட்டும், அவனுக்கு உயரம் சரியா இருக்கும்" என்றாராம். அவர் என்னைவிட ஒரு சாண் உயரம் என்பது ஊருக்கே தெரியும். அக்கா இப்போது உடுப்பின் காலை மடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள், இந்தத் தடவை கண்ணுக்கு ஓட்டை உண்டு.

ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாதே. பத்துக்கரத்தானை எடுத்தாலும் வித்தியாசம் தெரியாது என்று நீ எழுதியது கூர்மையான பார்வை, ஒரு எழுத்தையும் மாற்றாதே. முடிந்தால் அந்த நடையை வில்லனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று ஒரு வரி சேர்.

நேற்றிலிருந்து உங்கள் வீட்டு நடைவழியில் அத்தான் முன்னால் நடக்கிறார், நான் பின்னால் நடக்கிறேன். "இன்னும் மெதுவா, தொகு. இது உன்னக் கூப்பிடாத வீடுன்னு நெனச்சுக்க" என்கிறார். எனக்கு அது வரவே மாட்டேன் என்கிறது. நான் கூப்பிடாத வீட்டுக்கும் கூப்பிட்ட மாதிரியே போய்ப் பழகியவன். அவர் கோபப்படாமல் திரும்ப முதலிலிருந்து நடந்து காட்டுகிறார். இதை மட்டும் அச்சில் போட்டுவிடாதே.